பட்டியல் முதலில், இடிப்பு பிறகு: தாராவி மறுசீரமைப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

தாராவியிலும் அதை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்பிலும் தலைமுறைகளாக வாழ்ந்து தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் என்ற முறையில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுவதும், விடியற்காலையில் பொதுக் கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசையில் நிற்பதும் எங்களோடு முடியட்டும். ஆனால் யாருக்கு எங்கே எவ்வளவு இடம் என்ற இறுதிப் பட்டியல், கட்டடம் வாரியான கால அட்டவணை, பதிவு செய்த ஒப்பந்தம் ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தின் கைக்கு வருமுன் அந்தக் குடும்பத்தின் வீடு இடிக்கப்படக் கூடாது. இடித்த பிறகு, விற்பனைக் கட்டடங்களுக்கான அனுமதி மறுவாழ்வுக் கட்டடங்கள் எவ்வளவு எழுந்திருக்கின்றன என்பதைப் பார்த்தே தரப்பட வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

இதை அரசியல் கோரிக்கையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். கட்டுமானத் திட்ட மேலாண்மையின் அரிச்சுவடியே இதுதான். என்ன கட்டப் போகிறோம், எத்தனை நாளில், எவ்வளவு செலவில் என்ற மூன்று கேள்விகளில் முதலாவதற்கு விடை உறுதியாகாத வரை மற்ற இரண்டுக்கும் சொல்லப்படுவது ஊகம்தான். தாராவியில் இருபது ஆண்டுகளாக அந்த முதல் கேள்வியிலேயே வண்டி நிற்கிறது.

மாநில அரசு 2004-இல் இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கட்டடக் கலைஞர் முகேஷ் மேத்தா ஆலோசகராக இருந்து, தாராவியை ஐந்து பகுதிகளாகப் பிரித்தார். 2007-இல் உலக அளவில் நிறுவனங்களுக்கு அழைப்பு போயிற்று. வந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 2011-இல் அரசே அந்த டெண்டரைக் கைவிட்டது. ஐந்தாம் பகுதி மாநில வீட்டுவசதி வாரியமான மாடாவிடம் தரப்பட்டது. அங்கே முதலில் எழுந்த கட்டடத்தில் இருந்தவை 358 வீடுகள். 2016-இல் மற்ற பகுதிகளுக்கு டெண்டர் விட்டபோது ஏலம் கேட்க ஆளில்லை. பிறகு 2018-இல் முறையையே மாற்றினார்கள்: தாராவி முழுவதும் ஒரே திட்டம், தனியாருக்கு 80 விழுக்காடு, அரசுக்கு 20 விழுக்காடு பங்குள்ள சிறப்பு நோக்க நிறுவனம். 2019-இல் துபாயைச் சேர்ந்த செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாய்க்குக் கேட்டு முதலிடத்தில் வந்தது. அந்த டெண்டர் 2020-இல் ரத்தானது. 2022 நவம்பரில் திறந்த புதிய டெண்டரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்டு வென்றது. செக்லிங்க் தொடுத்த வழக்கை 2024 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்த மறுத்ததோடு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஒரே எஸ்க்ரோ (மூன்றாம் தரப்பின் பொறுப்பில் இருக்கும்) கணக்கின் வழியே நடக்க வேண்டும் என்றும் சொன்னது.

இதில் 2020-இல் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரத்துக்கு அரசு சொன்ன காரணம், ஏலம் முடிந்த பிறகு சுமார் 45 ஏக்கர் ரயில்வே நிலம் திட்டத்துக்குள் வந்தது என்பது. அந்த முடிவு சரியா தவறா என்பது நீதிமன்றத்தின் வேலை. நாங்கள் கவனிப்பது வேறு. எந்த நிலத்தில் கட்டுவது என்பதே முடிவாகாமல் டெண்டர் விட்டார்கள். அந்தப் பிழைக்கு ஆண்டுக்கணக்கில் விலை கொடுத்தவர்கள் தாராவிக்காரர்கள். மறுசீரமைப்பு வரப்போகிறது என்ற ஒரே காரணத்தால் ஓட்டை மாற்றலாமா, தரையைப் பூசலாமா என்று தெரியாமல் ஒரு தலைமுறை காத்திருந்தது.

ஒரு கட்டடத்தைக் கட்டி முடிக்கப் பல வழிகள் உண்டு. வரைபடத்தை ஒருவரிடம் போடச் சொல்லி, பிறகு டெண்டர் விட்டு, செய்த வேலைக்கு அளவெடுத்துக் காண்ட்ராக்டருக்குப் பணம் தருவது பொதுப்பணித் துறையின் பழைய வழி. வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பது இன்னொன்று. மூன்றாவதில் அரசு பணமே போடாது. நிலத்தின் மேல் கட்டும் உரிமையை பில்டருக்குக் கொடுக்கும், அவர் குடியிருப்போருக்கு இலவசமாகக் கட்டிக்கொடுத்துவிட்டு மீதியை விற்று எடுத்துக்கொள்வார். 1995-இல் குடிசை மறுவாழ்வு ஆணையமான எஸ்.ஆர்.ஏ. வந்ததிலிருந்து மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடப்பது இந்த மூன்றாவது வழி. தாராவித் திட்டம் அதன் மிகப் பெரிய வடிவம்.

ஒவ்வொரு வழியிலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வேலை நின்றால் யார் தலையில் விழும்? வர்லியில் அரசின் பழைய வாடகைக் குடியிருப்பான பி.டி.டி. சாலின் மறுசீரமைப்பைப் பாருங்கள். நூறாண்டுக்கு முந்தைய அந்தக் கட்டடங்களில் 160 சதுர அடி அறைகளில் இருந்தவர்களுக்கு 500 சதுர அடி வீடு. அங்கே உரிமையாளர் இடத்தில் மாடா உட்கார்ந்திருக்கிறது. பெரிய கட்டுமான நிறுவனங்கள் காண்ட்ராக்டர்கள் மட்டுமே. வீடு விலை சரிந்தால் நட்டம் மாடாவுக்கு. அங்கும் தாமதம் இருந்தது. 2017-இல் பூமி பூஜை போட்டு, 2025 ஆகஸ்டில்தான் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கிடைத்தது. ஆனால் அந்தக் குடும்பங்கள் யார் என்பதில் பெரிய ஐயம் இருக்கவில்லை. வாடகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது.

தாராவியில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. திட்டத்தின் முதல் வரைபடம் கட்டடம் அன்று, ஆட்களின் பட்டியல். 2024 மார்ச் 18-ஆம் தேதி கமலா ராமன் நகரில் கணக்கெடுப்பு தொடங்கியது. டிரோன், லேசர் கருவிகள் எல்லாம் வந்தன. விதிகள் இவை: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பின்னால் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் இருக்கும் எல்லோருக்கும், வெளியே வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு.

இந்த விதி ஒரு வீட்டு வாசலுக்கு வரும்போது என்ன ஆகிறது? தாராவி வீடு பெரும்பாலும் இரண்டு தளம். கீழே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. வெளியே சுவரோடு ஒட்டிய செங்குத்தான இரும்பு ஏணி. பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கும். மேலே இன்னோர் அறை. கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். அப்பா காலத்தில் வாங்கிய, குடிசைவாசிகளுக்கு அரசு தரும் போட்டோ பாஸும் மின் மீட்டரும் அண்ணன் பெயரில். அண்ணனுக்குத் தாராவிக்குள் வீடு, தம்பிக்கு வெளியே. இருவரும் ஒரே நாளில் ஒரே ரயிலில் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியவர்களாக இருந்தாலும் அப்படித்தான்.

இட்லித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையாக விழும். மாவு அரைப்பது கீழே, தூங்குவது மேலே. இரவு மூன்று மணிக்கு அடுப்பு பற்றும். அலுமினிய அண்டாவில் இட்லி, தூக்குகளில் சட்னியும் சாம்பாரும் ஏற்றிய சைக்கிள் வெளிச்சம் வருமுன் மாட்டுங்கா, சயான் பக்கம் புறப்பட்டுவிடும். மேலே இருப்பவர் தொலைவில் உள்ள முலுண்டுக்குப் போனால் அந்தத் தொழிலில் ஒரு கை போயிற்று. தொழிற்கூடத்துக்கு 225 சதுர அடி வரை இலவசம் என்கிறார்கள். ஆனால் அதில் வேலை செய்யும் குடும்பம் எங்கே இருக்கும் என்பது இன்னொரு பட்டியலில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற அலுவலர் வேண்டும். மேல்தளத்துக்குத் தனி மின் கட்டணமோ, ரேஷன் அட்டையோ, பள்ளிச் சான்றோ இருந்தால் அதையும் கீழ்த்தளத்துக்கு இணையான ஆதாரமாக ஏற்க வேண்டும் என்றும், ஒரே குடும்பத்தைப் பிரிக்காமல் தாராவிக்குள்ளேயே இடம் தர வேண்டும் என்றும் கோருகிறோம்.

அடுத்து காலம். கட்டுமான அட்டவணையில் ஒரு சங்கிலி உண்டு: அதில் எந்தக் கண்ணி தாமதித்தாலும் முடிவு நாள் தள்ளிப்போகும். தாராவியில் அந்தச் சங்கிலி பட்டியலில் தொடங்கி, ஆட்சேபம், மாற்றுக் குடியிருப்பு, இடிப்பு, அடித்தளம், கட்டடம், குடியேற்றம் என்று போகிறது. மித்தி ஆறும் மாஹிம் கழியும் சூழ்ந்த சதுப்பு நிலத்தை மண்ணும் குப்பையும் கொட்டி எங்கள் முன்னோர் மேடாக்கிய இடம் இது. கெட்டித் தரை கிடைக்கும்வரை பைல் இறக்கியாக வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேலை மந்தமாகும். மறுவாழ்வை ஏழு ஆண்டுகளில் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏழு என்ற ஒற்றை எண் எங்களுக்குப் போதாது. எந்தத் தெரு எந்த மாதம் காலியாகும், எந்தக் கட்டடத்துக்குத் திரும்பும், எப்போது திரும்பும் என்று தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அச்சிட்டு ஒவ்வொரு நகரிலும் ஒட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்தி, தாமதத்துக்குக் காரணத்தையும் எழுத வேண்டும். தாராவிக்குள் டிரான்சிட் கேம்ப் என்றே ஒரு பேட்டை இருக்கிறது. தற்காலிகம் என்று போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். அதனால்தான் தேதி கேட்கிறோம்.

பணம் பற்றியும் தெளிவாகச் சொல்கிறோம். விற்பனைக் கட்டடமும், கட்டும் உரிமையை வேறு இடத்துக்கு மாற்றி விற்கும் டிடிஆரும்தான் இந்தத் திட்டத்தின் வருவாய். மும்பையின் மற்ற பில்டர்கள் தங்களுக்கு வேண்டிய டிடிஆரில் முதல் 40 விழுக்காட்டைத் தாராவியிலிருந்தே வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. வருவாய் வரும் வேலையை முதலில் முடிக்க விரும்புவது எந்த பில்டருக்கும் இயல்பு. அதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த இயல்பைக் கட்டுக்குள் வைப்பது ஒப்பந்தத்தின் வேலை. மறுவாழ்வுக் கட்டடம் அடித்தளம், பாதி, முழுமை, குடியேற்றம் என்று ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போது மட்டும் அதற்குரிய பங்கு டிடிஆர் வெளிவர வேண்டும். கட்டம் முடிந்ததா என்று சான்று தர, நிறுவனமும் அரசும் சம்பளம் தராத, எஸ்க்ரோ கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டணம் பெறும் தனிப் பொறியாளர் குழு வேண்டும். இடைக்கால வாடகையில் இரண்டு ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று 2023-இல் எஸ்.ஆர்.ஏ. கொண்டுவந்த முறையைத் தாராவிக்கும் தளராமல் நடைமுறைப்படுத்த வேண்டும்.

வெளியே அனுப்பப்படுபவர்கள் எங்கே போவார்கள் என்பது இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய கேள்வி. குர்லாவில் பால் பண்ணை நிலம், காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு பக்கம் 255 ஏக்கருக்கு மேல் உப்பள நிலம், தேவ்னார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கர் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். செம்பூரில் இருக்கும் எங்கள் உறவினர்களுக்கு மாஹுலின் கதை தெரியும். தான்சா குடிநீர்க் குழாய்க்கரையிலிருந்து அகற்றியவர்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். இருமலும் தோல் நோயும் வந்து, வழக்குப் போட்டு, 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை தரச் சொல்ல வேண்டியதாயிற்று. கோவண்டியிலும் மான்கூர்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் நெருக்கிக் கட்டிய மறுவாழ்வுக் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் வெயிலும் காற்றும் புகாமல் காசநோய் பெருகியதை மருத்துவர்கள் ஆய்வு செய்து 2018-இல் சொன்னார்கள். குப்பைக் கிடங்கின் மேல் வீடு கட்டுவதை எங்கள் சங்கம் ஏற்காது. அந்த நிலத்தின் வாயுவும் கழிவுநீரும் சோதிக்கப்பட்டு முடிவுகள் பொதுவில் வைக்கப்படாத வரை, அங்கே போக எந்த உறுப்பினரும் கையெழுத்திட வேண்டாம்.

சாதாரண எஸ்.ஆர்.ஏ. திட்டத்துக்குக் குடியிருப்போரின் ஒப்புதல் தேவை. தாராவியில் அந்த ஒப்புதல் கேட்கப்படவில்லை. அந்த இடத்தை நிரப்ப, ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்போர் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் திட்டக் கூட்டங்களில் வாக்குரிமையோடு இடம் தர வேண்டும். எங்களுக்கு இது புரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1976-இல் மும்பையின் ஜனதா காலனியிலிருந்து சீத்தா கேம்புக்கு விரட்டப்பட்டவர்களோடு நின்றவர், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். பிறகு அவரும் அவர் கட்டிய குடிசைவாசிகள் கூட்டமைப்பும் தாராவியிலேயே ராஜீவ் இந்திரா கூட்டுறவுச் சங்கத்துக்கு வீடு கட்ட உறுதுணையாக இருந்தார்கள். வீட்டுக்குள் பரண் போட இடம் இருக்கும்படி கூரையை உயர்த்திக் கேட்டது அந்த வீடுகளில் இருக்கப்போகும் பெண்கள். இன்று அந்தப் பரணில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். 350 சதுர அடி என்று எழுதும்போது, கூரை எவ்வளவு உயரம் என்றும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பெரிய பணிகளை ஒரே கையில் வைத்தாலும், சிறு கட்டடங்களையாவது குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கங்கள் தாங்களே பொறியாளரை அமர்த்திக் கட்ட வழி திறக்க வேண்டும். தனிக் கட்டடச் சங்கங்களுக்கு 2019-இல் அரசே ஆணையிட்டு ஊக்குவித்த சுய மறுமேம்பாட்டு முறை தாராவிக்கும் பொருந்தும்.

எங்கள் உறுப்பினர்களுக்கு: யார் தகுதியுள்ளவர் என்று சொல்லும் அனெக்சர்-2 வரைவுப் பட்டியல் ஒட்டப்பட்டதும் உங்கள் வீட்டு எண்ணை அன்றே பாருங்கள். பெயர் விட்டிருந்தாலும், கீழ்த்தளம் மேல்தளம் என்று மாற்றி எழுதியிருந்தாலும், குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோ பாஸ், மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் பக்கம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றை மேல்தளக் குடும்பங்கள் தனியாக எடுத்து வையுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறோம். இந்த அறிக்கையின் மராத்தி, இந்திப் பிரதிகளோடு எங்கள் கோரிக்கைகளைப் பாந்த்ரா கிழக்கில் உள்ள திட்ட அலுவலகத்திலும் மாநில வீட்டுவசதித் துறையிலும் கொடுக்கிறோம்.