பரிசு வந்தபின் உறவு கொண்டாடுவோர்

2023இல் கத்தலின் கரிக்கோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் பெருமையோடு கொண்டாடியது. எம்.ஆர்.என்.ஏ ஆய்வுக்கு நிதி கொண்டுவரவில்லை என்று 1995இல் கரிக்கோவைப் பதவியிறக்கியதும் அதே பல்கலைக்கழகம்தான். அவர் ஆய்வைக் கைவிடவில்லை. எம்.ஆர்.என்.ஏயிலுள்ள யுரிடினை மாற்றியமைத்தால் உடலின் அழற்சி எதிர்வினை தணியும் என்பதை இருவரும் 2005இல் நிறுவினர். பைசர், மொடர்னா கொவிட் தடுப்பூசிகள் அந்த அத்திவாரத்தில் எழுந்தவையே.

கொண்டுவரும் பணத்தை வைத்து அறிவை நிறுப்பது பல்கலைக்கழகத்தின் வேலையா, வட்டிக்கடையின் வேலையா?

பத்திரிகைக்காரனான நானும் குற்றவாளியே. பரிசுச் செய்திக்குப் பெரிய தலைப்பிடும் நாம், பதவியிறக்கப்பட்ட ஆய்வாளரைப் பற்றி அன்று ஒரு வரியேனும் எழுதினோமா? இன்று நிதியின்றி ஒதுக்கப்படுபவரையும் பரிசு வந்தபின்தான் தேடிப் போகப்போகிறோமா?