மாறியின் மதிப்பும் அதன் தோற்றமும்: வழுநீக்கி முகப்பின் தலைமைப் பொறியாளருக்கு ஒரு திறந்த மடல்



ஓடும் நிரலை இடையில் நிறுத்தி, அதன் மாறிகள் அக்கணத்தில் தாங்கியிருக்கும் மதிப்புகளைக் காட்டும் மென்பொருளே டீபக்கர் எனப்படும் வழுநீக்கி. நிரலைக் கட்டுப்படுத்தும் பொறி ஒன்றாகவும், நிரலாளர் கண்முன் விரியும் முகப்பு வேறொன்றாகவும் அமைவது இன்றைய வழக்கம். அம்முகப்பில் காட்சி வடிவை மாற்றிய பின்னும் சில மதிப்புகள் பழைய வடிவிலேயே நின்று, நிரல் அடுத்த முறை நிற்கும்போதுதான் திருந்துகின்றன என்றால், அதை அழகுக் குறையாக எண்ணித் தள்ளிவைக்க இயலாது. 65 என்ற எண் பதினறுமத்தில் 41 ஆகவும், எண்மத்தில் 101 ஆகவும், இருமத்தில் 1000001 ஆகவும் தோன்றும். இருமத்தில் காட்டும்போது ஜிடிபி என்னும் வழுநீக்கி எந்த முன்னொட்டையும் சேர்ப்பதில்லை என்பதால், திரையில் உள்ள 101 நூற்றொன்றா, இருமத்தில் எழுதிய ஐந்தா என்பதை வடிவம் அறியாதவரால் சொல்ல முடியாது. வழுவைத் தேடுபவரிடம் கருவியே பொய் சொன்னதாகிவிடும்.

இக்குறையின் வேர், மதிப்பின் மாற்றமும் தோற்றத்தின் மாற்றமும் ஒன்றாகக் கருதப்படுவதில் இருக்கிறது. முகப்புகளோடு உரையாட ஜிடிபி வழங்கும் எம்ஐ இடைமுகத்தில், வார்-அப்டேட் என்னும் கட்டளை, சென்ற முறைக்குப் பின் மதிப்பு மாறிய மாறிகளை மட்டுமே பட்டியலிடும்; வார்-செட்-ஃபார்மட் கட்டளை வடிவை மாற்றும்போதே புதிய வடிவிலான உருவை விடையில் தந்துவிடுவதால், அம்மாற்றம் பிந்தைய பட்டியலில் இடம்பெறாது. ஆகவே அந்த விடையைப் புறக்கணித்துவிட்டு, பட்டியலை மட்டும் நம்பியிருக்கும் முகப்பு, அம்மாறியின் மதிப்பு மாறும் வரை காத்திருக்கும். ஒரு கட்டமைப்பின் வடிவை மாற்றினால் அம்மாற்றம் அக்கட்டமைப்புக்கு மட்டுமே பொருந்தும், அதன் உறுப்புகளாகிய சேய் மாறிகளைத் தொடாது என்பதையும் ஜிடிபியின் ஆவணம் தெளிவாகவே கூறுகிறது; விரித்த கிளைகளைச் சுற்றிவந்து ஒவ்வொன்றுக்கும் வடிவைச் சொல்வது முகப்பின் கடமை. முகப்புக்கான மற்றொரு நெறிமுறையாகிய, மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய டீபக் அடாப்டர் புரோட்டோகாலில், பதினறுமத்தில் காட்டு என்னும் வேண்டுகோள் ஒவ்வொரு கேள்வியோடும் தனியே செல்வதால், அங்கு முகப்பு மறுபடியும் கேட்டே ஆக வேண்டும்.

மறுபடியும் கேட்பது என்றவுடன், எல்லாவற்றையும் நினைவகத்திலிருந்து மீண்டும் படித்துவிடலாம் என்ற எளிய தீர்வு மனத்தில் எழும். அதுவே பெரிய தீங்கு. நுண்கட்டுப்படுத்திகளில் நினைவக முகவரி வழியே அணுகப்படும் வன்பொருள் பதிவகங்கள் உள்ளன; தொடர் இணைப்பில் வந்த தரவைத் தாங்கும் பதிவகத்தை ஒருமுறை படித்தாலே வரிசையிலிருந்து ஒரு பைட் வெளியேறிவிடும். பார்வைப் பட்டியலில் ஒருவர் செயற்கூறு ஒன்றை அழைக்கும் கோவையை எழுதியிருந்தால், அதை மறுமுறை கணிப்பது நிரலின் நிலையையே மாற்றிவிடக்கூடும். இப்படிப் படிப்பதே விளைவை உண்டாக்கலாம் என்பதை உணர்ந்துதான் ஜிடிபியில் ஒரு மாறியைத் தானாகப் புதுப்பிக்காமல் உறையவைக்கும் வார்-செட்-ஃப்ரோஸன் கட்டளை இருக்கிறது. நிரலாளர் வடிவத்தை மட்டுமே மாற்றச் சொன்னார். நிரலைத் தொடும்படி அவர் சொல்லவில்லை.

ஆதலால் முகப்பின் உள்ளமைப்பில், படித்தெடுத்த மதிப்பும் அதைக் காட்டும் வடிவமும் இரு வேறு பொருள்களாக வைக்கப்பட வேண்டும். வடிவம் மாறும்போது திரையில் தெரியும் வரிகள் மட்டும் உடனே புதுப்பிக்கப்பட வேண்டும், மறைந்திருப்பவை விரிக்கப்படும்போது பார்த்துக்கொள்ளப்படலாம். எழுத்து வேறுபட்டதால் மதிப்பு மாறியதாக எண்ணிச் சிவப்பில் காட்டும் வழக்கம் முற்றிலும் நீக்கப்பட வேண்டும். அந்தச் சிவப்பு, நிரல் மதிப்பை மாற்றியது என்பதற்கு மட்டுமே உரியது. மறு வாசிப்பு தவிர்க்க முடியாத இடங்களில், உறையவைக்கப்பட்ட மாறிகளையும் பக்கவிளைவுள்ள கோவைகளையும் விலக்கிவிட்டு, அவை பழைய வடிவில் இருப்பதை ஒரு குறியால் வெளிப்படையாக அறிவிக்கலாம்.

அடுத்த வெளியீட்டின் பணிப்பட்டியலில் இவற்றுக்கு முதலிடம் தரவும், வடிவ மாற்றத்தின்போது தவிர்க்கக்கூடிய நினைவக வாசிப்பு நிகழவில்லை என்பதை உறுதிசெய்யும் சோதனை ஒன்றைத் தங்கள் குழுவின் நிரந்தரச் சோதனைத் தொகுப்பில் சேர்க்கவும் வேண்டுகிறது இம்மடல்.