அச்சு எங்களுக்குப் புதிதல்ல: தஞ்சாவூர்ப் பொம்மையின் பெருமளவு உற்பத்தி குறித்து எங்கள் நிலைப்பாடு

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் செய்யலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு இனியும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டின் பொம்மை ஊர்களைப் பட்டியலிட்டபோது, சன்னபட்டணா, கொண்டப்பள்ளியோடு தஞ்சாவூரையும் சேர்த்துச் சொன்னார். பெயர் பரவியது நல்லதுதான். ஆனால் பெயர் பரவும் வேகத்துக்குப் பொம்மை தயாராவதில்லை. அதனால் பிளாஸ்டிக்கில் வார்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வருகிறது. இயந்திரம் என்ற பேச்சே வேண்டாம் என்று இன்னொரு குரல் எழுகிறது. பொம்மை செய்வோர், வண்ணம் தீட்டுவோர், வடிவமைப்புப் படித்த இளையவர்கள், கடை வைத்திருப்போர் எல்லோரும் எங்கள் சங்கத்தில் இருக்கிறோம். பேசி எடுத்த முடிவு இது.

பெருமளவு உற்பத்தியை ஆதரிக்கிறோம். பொம்மையின் கூடு இயந்திரத்தில் வரட்டும். அடிக்கனம் வைப்பதும் முகம் எழுதுவதும் கையால் நடக்கட்டும். இரண்டும் தஞ்சை வட்டாரத்திலேயே நடக்க வேண்டும். கூட்டுக்குக் காகிதக் கூழ்தான் பொருள். பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மைக்குத் தஞ்சாவூர்ப் பெயரை வைப்பதை எதிர்க்கிறோம்.

இயந்திரம் வந்தால் கலை போய்விடும் என்று அஞ்சுவோருக்கு முதலில் ஒன்றை நினைவூட்ட வேண்டும். இந்தப் பொம்மை என்றுமே அச்சில் பிறந்ததுதான். தஞ்சை நகரத்திலும் புன்னைநல்லூரிலும் உள்ள பட்டறைகளில் முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு என்று வைத்திருக்கிறார்கள். காகிதக் கூழையோ, மாவுப் பசையில் நனைத்த காகிதத்தையோ அச்சில் ஒற்றி, காய்ந்ததும் கழற்றி, இரண்டு பாதியையும் ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதும் உண்டு. அச்சிலிருந்து பொருள் சிக்காமல் கழன்று வர வேண்டுமானால் பக்கங்களில் சரிவு வேண்டும், உட்குழிவான இடம் இருக்கக் கூடாது. தொழிற்சாலைக்கு வரைபடம் போடும் பொறியாளர் முதலில் பார்ப்பது இதைத்தான். முகவாய்க்குக் கீழும் கைமடிப்பிலும் சிக்காத இடமாகப் பார்த்து அச்சை இரண்டாகப் பிரித்த நம் முன்னோர், அந்தக் கணக்கை எப்போதோ முடித்துவிட்டார்கள். எனவே பெருமளவு உற்பத்திக்கான வடிவமைப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பட்டறையில் இருக்கும் அச்சை அளந்து எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.

பிளாஸ்டிக் ஏன் வேண்டாம் என்பதற்குச் சுற்றுச்சூழல் ஒரு காரணம். எங்களுக்கு அதைவிட முக்கியமான காரணம் பொம்மையின் இயக்கத்திலேயே இருக்கிறது. தலையாட்டி பொம்மையின் அடி, கோளத்தின் ஒரு பகுதி. பொம்மையின் மொத்த எடை குவியும் புள்ளி அந்தக் கோளத்தின் மையத்துக்குக் கீழே இருக்கும் வரை, எப்படிச் சாய்த்தாலும் அது எழுந்து நிற்கும். அதனால்தான் அடியில் கனத்த களிமண்ணும் மேலே எடையில்லாத காகிதக் கூடும். எங்கும் ஒரே தடிமனில் வார்த்த பிளாஸ்டிக் உருவத்தில் எடை மேலே ஏறிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட அடியில் இரும்பையோ சிமெண்டையோ ஒட்டுகிறார்கள். ஒட்டு விட்டதும் உள்ளே கடகடவென்று உருளும்; பொம்மை சாய்ந்த இடத்திலேயே கிடக்கும். இன்று பல பட்டறைகளில் அவசரத்துக்குப் பயன்படுத்தும் பிளாஸ்டர் ஆஃப் பாரீஸிலும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. உடல் முழுதும் கனம் ஏறி, ஆட்டம் மந்தமாகி, கீழே விழுந்தால் உடைகிறது.

ஆடும் பொம்மை என்ற இன்னொரு வகையில் இந்த எடைக்கணக்கு இன்னும் நுட்பமானது. கால், பாவாடை, உடல், தலை என்ற தனித்தனிப் பாகங்கள் கம்பி முனைகளில் தங்கி அசைகின்றன. தலை சற்றே கனத்தால் ஆட்டம் நின்றுவிடும். எடையில்லாத காகிதக் கூழ் அதற்குப் பொருந்தி வந்தது தற்செயல் அல்ல.

காகிதக் கூழை இயந்திரத்தில் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் நாமக்கல்வரை போனால் போதும். முட்டை அடுக்கும் தட்டு எப்படி வருகிறது? பழைய காகிதத்தைக் கரைத்த கூழில், கம்பி வலை போர்த்திய அச்சை இறக்கி உறிஞ்ச, கூழ் அச்சில் படிகிறது. பிறகு வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். அதே முறைதான் எங்களுக்கும் வேண்டும், இன்னும் நுண்ணிய அச்சோடு. கூழ் காயும்போது சுருங்கும் என்பதால் அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்ட வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பதை உலோக அச்சுக்குப் பணம் போடும் முன் மரத்திலோ ரெசினிலோ மாதிரி அச்சு செய்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கூழுக்கும் பஞ்சமில்லை. கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்தே காகிதம் செய்கிறது. எங்கள் வயல்களில் அறுவடைக்குப் பின் வைக்கோல் கிடக்கிறது. அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

இப்படிச் செய்து காட்டிய ஊர் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. தகசாகியில் செய்யும் தருமா பொம்மையும் காகிதக் கூடுதான், விழுந்தால் எழுவதுதான், அடியில் களிமண் கனம் வைப்பதுதான். ஒரு காலத்தில் மர அச்சின்மேல் கையால் காகிதம் ஒட்டினார்கள். இன்று பெரும்பாலான கூடுகள் கூழை உறிஞ்சும் இயந்திரத்தில் வருகின்றன. ஆனால் புருவமும் மீசையும் கையால் எழுதப்படுகின்றன. ஊர்ப் பெயர் உற்பத்தியாளர் கூட்டுறவின் கையில் இருக்கிறது. இதே காலத்தில் தலையாட்டி பொம்மைகள் பிளாஸ்டிக்கில் எத்தனையோ நாடுகளில் வந்தன, மறைந்தன. தகசாகியின் பெயர் நிற்கிறது.

எங்கள் ஆதரவுக்கு இன்னொரு காரணம் டெல்டாவின் காலக்கணக்கு. வாய்க்கால் வறண்டிருக்கும் சித்திரை, வைகாசியில்தான் களிமண் எடுக்க முடியும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் மண்வெட்டி வயலுக்குப் போய்விடும். விற்பனையோ புரட்டாசியில், நவராத்திரிக் கொலுவை ஒட்டி. அது முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் கூடு காயாது, பட்டறை சும்மா கிடக்கும், கடன் ஏறும். வெப்பத்தில் உலர்த்தும் ஒரு பொதுக்கூடம் இருந்தால் இந்த மாதங்களிலும் கூடு தயாராகும், வீட்டில் வண்ண வேலை நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை காசு பார்க்கும் குடும்பத்துக்கு மாதாமாதம் வருமானம் கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் இயந்திரத்தை வரவேற்போம்.

ஒரே மாதிரியாக இருக்க வேண்டியது எது, வேறுபட வேண்டியது எது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இன்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் உயரம், ஓர் அடிவளைவு, கைக்கு வந்த கனம். அட்டைப்பெட்டிகூட ஒரே அளவில் வாங்க முடிவதில்லை. தபாலில் போகும் பொம்மை உடைந்து திரும்புகிறது. மூன்றே அளவுகள், ஒவ்வொன்றுக்கும் வகுத்த அடிவளைவு, தராசில் நிறுத்த களிமண் கனம், அதே கூழில் செய்த பொதிப்பெட்டி என்று வகுக்க வேண்டும். தரையில் படுக்கவைத்து விட்டால் எழுந்து நேராக நிற்காத பொம்மை கடைக்குப் போகக் கூடாது. முகத்துக்கு மட்டும் இந்த விதி எதுவும் இல்லை. கண்ணும் உதடும் புடவைக் கரையும் எழுதுபவரின் கைப்படி இருக்கட்டும். அச்சுக்காகிதத்தில் முகத்தை அடித்து ஒட்டுவதை ஏற்க மாட்டோம். எழுதுபவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள். உற்பத்தி கூடும்போது முதலில் குறைக்கப்படுவது அவர்களின் கூலியாகத்தான் இருக்கும் என்ற பயம் நியாயமானது. எனவே பொம்மைக்கு இவ்வளவு என்ற கூலியை எழுத்தில் வைக்காத எந்த ஒப்பந்தத்திலும் சங்கம் கையெழுத்திடாது.

குழந்தைகளின் பாதுகாப்பில் எங்கள் நிலை சட்டம் கேட்பதைவிடக் கடுமையானது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீட்டின் பதிவு பெற்ற பயனாளர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. சிறு பட்டறைக்கு அந்த விலக்கு தேவை. அதைக் காக்க வேண்டும். ஆனால் குழந்தை வாயில் வைக்கும் பொருளின் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்று எந்த விலக்கும் சொல்லவில்லை. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. அந்த வரம்புக்குள் இருப்பதாகச் சோதித்த வண்ணத்தையே உறுப்பினர்கள் வாங்குவார்கள். பாகம் பாகமாகக் கழலும் ஆடும் பொம்மை அலங்காரத்துக்கானது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கானது அல்ல என்று பெட்டியிலேயே தமிழில் அச்சிடுவோம். கைவினைஞர் அல்லாத நிறுவனம் ஒன்று உற்பத்தியில் இறங்கினால், அது விலக்கின் பின்னால் ஒளியாமல் ஐஎஸ்ஐ உரிமம் பெற்றாக வேண்டும்.

பெயர் பற்றி. தஞ்சாவூர்ப் பொம்மைக்கு 2008-09-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலையாட்டும் பொம்மை செய்ய யாருக்கும் தடையில்லை; தஞ்சாவூர்ப் பெயரில் விற்கத்தான் தடை. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொய்க் குறியீட்டுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. சட்டம் இருந்தும் வழக்குப் போட ஆளில்லாததே குறை. புதிதாக உருவாக்கும் வடிவங்களுக்கு 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் 10 ஆண்டும் நீட்டிப்பாக 5 ஆண்டும் பாதுகாப்பு கிடைக்கும். அவற்றை வடிவமைத்தவரின் பெயரைக் குறிப்பிட்டுச் சங்கத்தின் உடைமையாகப் பதிவோம். பட்டறை அச்சை ஸ்கேன் செய்து எடுத்துப்போய்ப் புது வடிவம் என்று பதிய முயல்வோருக்கு எதிராக முறையிடுவோம்.

மாநில அரசிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம். கூழ் அச்சும் உலர்த்தும் அறையும் கொண்ட பொதுக்கூடத்தைத் தஞ்சை அருகே அமைத்து, அதன் நிர்வாகத்தைக் கைவினைஞர் கூட்டுறவிடம் விட வேண்டும். கோடையில் களிமண் எடுக்கும் அனுமதி பொம்மைக்காரர்களுக்கும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். பூம்புகார் விற்பனை நிலையங்கள் பிளாஸ்டிக் தலையாட்டிகளைத் தஞ்சாவூர்ப் பொம்மை என்ற பெயரில் எந்நாளும் வாங்குவதில்லை என்று அறிவிக்க வேண்டும்.

எங்களுக்குள் மாற்றுக் கருத்தும் உண்டு. கூடும் கையால் ஒட்டியதாகவே இருக்க வேண்டும் என்று மூத்த கைவினைஞர்கள் சிலர் உறுதியாக இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பொதுக்கூடத்துக் கூட்டை வாங்கக் கட்டாயமில்லை. அவர்கள் செய்யும் பொம்மையின் அடியில் ‘முழுதும் கையால் செய்தது’ என்ற தனி முத்திரையும், அதற்குரிய கூடுதல் விலையும் இருக்கும். இயந்திரக் கூட்டில் எழுதிய பொம்மைக்கு அந்த முத்திரையைக் குத்தும் உறுப்பினர் யாரானாலும், அவரது பதிவு ரத்தாகும்.