வேடம் யாருக்குப் பொருந்தும்?



எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவுக்காக எஸ்தர் நாடகத்தின் வேடப் பட்டியலை எழுதி, சென்ற மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மறுவாரம் ஆராதனை முடிந்ததும் ஒரு தாயார் என்னிடம் வந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்து, ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரிகிறவர். "அக்கா, மூன்று வருடமாக என் பிள்ளைக்குப் பணிப்பெண் வேடந்தான். எஸ்தர் வேடத்துக்கு அவள் ஏன் பொருந்தவில்லை என்று சொன்னீர்களானால், அவளுக்கு எடுத்துச் சொல்வேன்" என்றார். அது சண்டைக்கு வந்தவரின் குரல் அல்ல. உண்மையாகவே காரணம் கேட்டார். என்னிடமோ சொல்வதற்குக் காரணம் இல்லை. அக்காரணத்தைத் தேடிப் போனபோது நினைவுக்கு வந்தவற்றையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நான் பிறந்தது காணிப்பாக்கத்துக்கு அருகில் ஒரு சிற்றூர். சித்தூரிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காணிப்பாக்கத்தை அதன் பிள்ளையார் கோயிலைக் கொண்டு நாடே அறியும். சித்தூரும் திருப்பதியும் அப்போது ஒரே மாவட்டம்; 2022 ஏப்ரலில்தான் இரண்டாகப் பிரிந்தன. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் அப்பகுதியில், திரௌபதி அம்மன் திருவிழாக் காலத்தில் பாரதக் கூத்து இரவெல்லாம் நடைபெறும். எங்கள் வீட்டார் அங்கே போவதில்லை. ஆனால் கூத்தின் குரல் வயல்களைக் கடந்து எங்கள் திண்ணை வரை வரும். அக்காவும் நானும் படுத்தபடியே குரலைக்கொண்டு, இவர் துரியோதனன், இவர் திரௌபதி என்று பிரித்தறிவோம். திரௌபதி வேடமிட்டவர் மீசை மழித்த ஓர் ஆண்மகன் என்பதும் எங்களுக்குத் தெரியும். நடிப்பவரின் சொந்த நிறம் கறுப்போ சிவப்போ, அங்கே ஒருவரும் கேட்பதில்லை. நிறத்தை அரிதாரம் கொடுத்துவிடும். விடியும்வரை தாங்கும் குரல் அவரிடம் உண்டா என்பதுதான் அங்கே கேள்வி.

பிறகு 1994ஆம் ஆண்டு வந்தது. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'சந்திரகாந்தா' என்னும் இந்தித் தொடர் தொடங்கியது. அதற்கு முன்னே 'ராமாயணம்', 'மகாபாரதம்' என்னும் தொடர்களும் ஞாயிறு காலையிலேதான் வந்தன. நாம் ஆராதனைக்குப் புறப்படும் வேளையும் அதுவே அல்லவா! கையில் வேதாகமத்தோடு தெருவில் நடந்து போவோம். வீட்டுக்கு வீடு அத்தொடரின் பாட்டு எங்களைத் துரத்தி வரும். போதகர் வெளியூர் சென்று, ஆராதனை தாமதமான நாட்களில் மட்டும் பக்கத்து வீட்டுச் சன்னலோரம் நின்று பார்த்திருக்கிறோம். வீட்டில் தெரிந்தால் அடி உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்தியில் எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. கூத்தைக் காணாமல் கேட்டோம். தொடரையோ மொழி அறியாமல் கண்டோம்.

சந்திரகாந்தா என்பது தேவகி நந்தன் கத்ரி (1861-1913) எழுதி 1888இல் வெளியான இந்தி நாவல். அதை வாசிப்பதற்காகவே பலர் இந்தி எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்பார்கள். விஜயகட் அரசகுமாரி சந்திரகாந்தாவும் நவகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். குரூர் சிங் என்னும் வஞ்சகன் அதைக் கெடுக்கப் பார்க்கிறான். சுனார்கட் மன்னன் சிவதத்தின் துணையைத் தேடுகிறான். இரு தரப்பிலும் 'ஐயார்' எனப்படும் வேவுகாரர்கள் இருக்கிறார்கள். மாறுவேடம் போடுவதும், மயக்கப் பொடி தூவி ஆளைத் தூக்கிச் செல்வதும் அவர்கள் தொழில். இவற்றோடு 'திலிஸ்ம்' என்னும் புதிர்க்கோட்டையும் உண்டு. நாவலில் அந்தக் கோட்டையின் அதிசயங்கள் பெரும்பாலும் பொறிகளாலும் இரகசியக் கதவுகளாலும் ஆனவை. தொலைக்காட்சித் தொடரோ மாயமந்திரங்களை ஏராளமாகச் சேர்த்துக்கொண்டது.

இனி அத்தொடரில் வேடங்கள் பொருந்தினவா என்று பார்ப்போம். சந்திரகாந்தாவாக வந்தவர் ஷிகா ஸ்வரூப். அவர் 1988இல் மிஸ் இந்தியா இன்டர்நேஷனல் பட்டம் பெற்றவர். அரசகுமாரிக்கு ஏற்ற முகம்தான். குறை கூற முடியாது. ஆனால் பல காட்சிகளில் அவருக்குக் கலங்கி நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நடிகருக்கு எழுதிக் கொடுக்காத ஒன்றை அவரிடம் கேட்பது நியாயமாகாது. அந்தக் குறை எழுதியவர் கணக்கில் சேரவேண்டும். வீரேந்திரனாக நடித்தவர் ஷாபாஸ் கான். சாஸ்திரிய சங்கீத மேதை உஸ்தாத் அமீர் கானின் மகன். 'திப்பு சுல்தானின் வாள்' என்னும் தொடரில் ஹைதர் அலியாக வந்த கம்பீரத்தையே இங்கும் கொண்டுவந்தார். உயரமும் குரலும் இளவரசனுக்குப் போதுமானவை. ஆனால் காதலிக்கிறவனின் தவிப்பு அக்கம்பீரத்துக்குள் அடங்கிப்போய்விட்டது என்றே இன்று எண்ணுகிறேன்.

சிவதத்தாக வந்தவர் பங்கஜ் தீர். 'மகாபாரதம்' தொடரில் கர்ணனாக நடித்து நாடெங்கும் இரக்கத்தைச் சம்பாதித்தவர். 2025 அக்டோபரில் காலமானார். மக்கள் மனத்தில் கர்ணனாகத் தங்கிவிட்டவரைக் கொடிய மன்னனாக நிறுத்தியது நல்ல தேர்வு. அவர் தீமை செய்யும்போதும், 'இவரா இப்படி?' என்று பார்ப்பவர் ஒரு கணம் தயங்குவார். வில்லனுக்கு அத்தயக்கம் ஒரு கனத்தைக் கொடுத்தது.

எங்கள் தெருவே கொண்டாடியது குரூர் சிங்கைத்தான். அகிலேந்திர மிஸ்ரா அவ்வேடத்தில் அடர்ந்த புருவமும் முறுக்கிய மீசையுமாக வந்து, 'யக்கூ' என்று ஓர் ஒலி எழுப்புவார். இந்தி தெரியாத எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதைச் சொல்லித் திரிந்தார்கள். மிகையான நடிப்பு என்று சிலர் இகழ்வதுண்டு. மாயக் கதையில் மிகை குற்றமாகாது. ஆனால் அந்த மிகையை நடிப்பவர் தாமே முதலில் நம்பவேண்டும். மிஸ்ரா நம்பினார். முதல் வாரத்தில் கண்ட அதே குரூர் சிங்தான் கடைசிவரை வந்தான். ஒரு வாரம் கோமாளியாகவும் மறுவாரம் அரக்கனாகவும் அவன் மாறவில்லை. பின்னாளில் 'லகான்' படத்தில் (2001) கொல்லன் அர்ஜனாக அடக்கமாக நடித்தவரும் இவரே.

என் அக்கா மட்டும் வேறொருவரைச் சுட்டிக்காட்டினாள். மெலிந்த உருவம், சற்றே வீங்கினாற்போன்ற பெரிய கண்கள். பத்ரிநாத் என்னும் ஐயாராக வந்தவர். "அவரைப் பார். மற்றவர்கள் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்றவர்களெல்லாம் தங்கள் முறை வருவதற்குக் காத்திருக்கிறார்கள்" என்றாள். நான் நகைத்தேன். அவர் பெயர் இர்ஃபான் கான் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குத் தெரிந்தது. தில்லியின் தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். 'லைஃப் ஆஃப் பை' (2012) படத்தில் புதுச்சேரியில் வளர்ந்த பை படேலாக நடித்து, உலகெங்கும் கண்கலங்க வைத்தார். 2020 ஏப்ரல் 29 அன்று மறைந்தார். நாடு பின்னாளில் கண்டுகொண்டதை, மொழி தெரியாத ஒரு பதினான்கு வயதுப் பெண் சன்னலோரத்தில் நின்று கண்டுகொண்டாள்.

அது எவ்வாறு முடிந்தது? சொற்கள் புரியாததால் முகம் மட்டுமே அவளுக்கு மிஞ்சியது. முகத்தின் அழகை அல்ல, முகம் செய்யும் வேலையை அவள் பார்த்தாள். ஐயார் வேடமோ மிகக் கடினமான ஒன்று. ஐயாரே ஒரு நடிகன். ஆகவே அவனாக வருபவர் நடிகனை நடிக்கவேண்டும். ஓர் ஐயார் இளவரசியின் உருவம் எடுத்தால், திரையில் இளவரசியாக வருபவரே அந்த ஐயாரையும் நடித்துக் காட்டவேண்டும். உடையும் நகையும் அதேதான். நடையில் ஒரு சிறு பிசகு, பார்வையில் ஒரு சிறு அவசரம், இவற்றைக்கொண்டே 'இவள் அவளல்ல' என்று நாம் அறியவேண்டும். முகப்பொருத்தம் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இங்கேதான் அகப்பட்டுக்கொள்வோம்.

நம்மில் பலர் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகளையும் எண்ணிப் பாருங்கள். பிபிசி 1988இல் அவற்றைத் தொடராக எடுக்கத் தொடங்கியபோது, அஸ்லான் என்னும் சிங்கம் ஒரு பெரிய பொம்மை. உள்ளே ஆட்கள் இருந்து அதை இயக்கினார்கள். குரல் கொடுத்தவர் ரொனால்ட் பிக்கப். பொம்மையின் வாய் சரியாக அசைவதுகூட இல்லை. ஆயினும் அக்குரல் சிங்கத்துக்கு மாட்சிமையைக் கொடுத்தது. அதே தொடரில் வெள்ளைச் சூனியக்காரியாக வந்த பார்பரா கெல்லர்மேன் உரக்கக் கத்தினார். 2005இல் வந்த திரைப்படத்தில் டில்டா ஸ்வின்டன் தாழ்ந்த குரலில் பேசினார். எதைக் கேட்டுப் பிள்ளைகள் அதிகம் பயந்தார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் தாழ்ந்த குரலுக்குத்தான் பயந்தார்கள்.

இப்போது என் அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1995இல் எங்கள் ஊர்ச் சபையிலும் எஸ்தர் நாடகம் நடந்தது. அக்கா நல்ல கறுப்பு. குரலோ கடைசி வரிசை வரை கணீரென்று கேட்கும். எஸ்தர் வேடம் சிவந்த நிறமுள்ள வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது. விழா நாளில் அப்பிள்ளைக்கு நா எழவில்லை. உடனே அக்காவைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். எஸ்தரின் வசனங்கள் அனைத்தையும் அவளே பேசினாள். முன்னே நின்ற பிள்ளை வாயை மட்டும் அசைத்தாள். பலர் அழுதார்கள். பரிசு வாயசைத்த பிள்ளைக்குக் கிடைத்தது.

அந்தத் தாயார் என்னிடம் கேட்ட இரவில், திருப்பதியில் ஆசிரியையாக இருக்கும் அக்காவுடன் தொலைபேசியில் பேசினேன். "திரைக்குப் பின்னால் நின்றதில் எனக்கு வருத்தமில்லை. முடிந்தபிறகு ஒருவராவது 'நீதானா பேசியது?' என்று கேட்பார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை" என்றாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவள் அதை மறக்கவில்லை. நானோ அதே நாடகத்துக்கு, அதே அளவுகோலைக்கொண்டு, ஒரு பட்டியலை எழுதி ஒட்டியிருக்கிறேன்!

எஸ்தர் அழகுள்ளவள் என்று வேதம் கூறுகிறது. அவள் நிறம் இன்னது என்று எங்கும் கூறவில்லை. அந்த நிறத்தைச் சேர்த்துக்கொண்டது நாமே. தொலைக்காட்சி மாயத் தொடர்களில் அரக்கருக்குக் கரிய சாயமும் அரசகுமாரிக்கு வெள்ளைப் பூச்சும் போடுகிறார்கள் என்று குறை கூறுகிறோம். நம் ஞாயிறு பள்ளி மேடையில் நாம் செய்வது என்ன? கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த நம்மை, இந்நகரம் பேச்சைக் கேட்கும் முன்னே நிறத்தையும் உடையையும் பார்த்து எடை போடுகிறது, நாம் வருந்துகிறோம். அதே தராசை நம் பிள்ளைகள்மேல் நாம் பிடிக்கலாமா?

மறுவாரம் பட்டியலைக் கிழித்தேன். பிள்ளைகள் எல்லாரையும் ஒருவர்பின் ஒருவராகத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, அழைப்பின்றி ராஜாவிடம் போக எஸ்தர் துணியும் அந்தப் பகுதியை வாசிக்கச் சொன்னேன். முன்னால் மூன்று மூப்பர்கள் அமர்ந்து கேட்டார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக மேடையில் நிறுத்தி, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறாரா என்று பார்த்தோம். நான் முதலில் தேர்ந்திருந்த பிள்ளைக்கு எஸ்தர் வேடம் கிடைக்கவில்லை. வஸ்தி வேடம் கிடைத்தது. பணிப்பெண்ணாகவே நின்றிருந்த பிள்ளைக்கும் எஸ்தர் வேடம் கிடைக்கவில்லை. அவள் நிதானமான கனத்த குரலைக் கேட்டு மூவரும் ஒருமனதாக மொர்தெகாய் வேடத்தைக் கொடுத்தார்கள். எஸ்தர் வேடம் யாரும் நினையாத மூன்றாவது பிள்ளைக்குப் போயிற்று.

வஸ்தியின் தாயாருக்கு வருத்தந்தான். மொர்தெகாயின் தாயாரோ, "பெண் பிள்ளைக்குத் தாடியா அக்கா?" என்று சிரித்தார். கூத்தில் திரௌபதி மீசை மழித்த கதையை அவருக்குச் சொன்னேன். இருவருக்கும் காரணம் சொல்ல இம்முறை என்னால் முடிந்தது.

பிரியமானவர்களே, இவ்வாண்டு உங்கள் சபையில் வேடப் பட்டியல் எழுதுகிறவர் நீங்களாக இருக்கலாம். எழுதுமுன் ஒரு திரையைக் கட்டி, பிள்ளைகளின் குரலைக் கேளுங்கள். விழா முடிந்ததும் திரைக்குப் பின்னால் நின்ற பிள்ளையிடம் போய், "நீதானா பேசியது?" என்று மறவாமல் கேளுங்கள். எங்கள் விழாவுக்கு அக்கா திருப்பதியிலிருந்து வருகிறாள். முதல் வரிசையில் அவளுக்கு இடம் வைத்திருக்கிறேன்.