தொலைக்காட்சிச் சந்தாவிலிருந்து விலகுவோரின் கடன் பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனு

பெறுநர்: மண்டல இயக்குநர், இந்திய ரிசர்வ் வங்கி, சென்னை; தலைமை ஆணையர், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி; ஆணையர், உணவுப் பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை, சென்னை.

பொருள்: தவணைக் கடனுடன் சேர்த்து விற்கப்படும் தொலைக்காட்சி, ஓடிடி சந்தாக்களைத் தொடர இயலாதோர் தம் கடன் பதிவுக்குக் கேடின்றி விலக வழிவகை செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு மனுதாரர் சங்கம் பணிவுடன் சமர்ப்பிப்பதாவது:

கட்டுப்படியாகாத தொலைக்காட்சி இணைப்பைக் கைவிடுவது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. மாதந்தோறும் வாசலுக்கு வரும் கேபிள்காரரிடம் வேண்டாமென்று சொன்னால் இணைப்பு நிற்கும், அதற்கப்பால் எதுவும் தொடராது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வழங்கப்பட்டபோதும் இதுவே நடைமுறை. டிடிஎச்சும் முன்பணம் செலுத்திப் பார்க்கும் முறை என்பதால், ரீசார்ஜ் செய்யாதவரின் திரை இருண்டதே தவிர அவர் பெயரில் பாக்கி எதுவும் எழுதப்படவில்லை.

இன்றைய நிலை வேறு. ஸ்மார்ட் தொலைக்காட்சிப் பெட்டி மாதத் தவணையில் வாங்கப்படுகையில் ஓராண்டுக்கான ஓடிடி தொகுப்பும் அதே விலையில் சேர்த்துக் கட்டப்படுகிறது. ஆண்டுச் சந்தா கிரெடிட் கார்டின் தவணையாகவோ, பொருளை இன்று பெற்றுப் பணத்தைப் பின்னர் செலுத்தும் கடனாகவோ மாற்றப்படுகிறது. இவற்றில் வாடிக்கையாளர் ஒரே பொருளை வாங்கியதாகக் கருதினாலும், சட்டத்தின் பார்வையில் இரண்டு ஒப்பந்தங்கள் பிறக்கின்றன: ஒன்று நிகழ்ச்சிகளை வழங்கும் நிறுவனத்துடனான சேவை ஒப்பந்தம், மற்றொன்று, விற்பனையாளருக்கு முழுத் தொகையையும் அன்றே கொடுத்துவிட்டு வாடிக்கையாளரிடம் மாதாமாதம் வசூலிக்கும் வங்கியுடனோ நிதி நிறுவனத்துடனோ ஏற்படும் கடன் ஒப்பந்தம். சேவையை ரத்து செய்வதால் கடன் ரத்தாவதில்லை என்னும் இவ்வுண்மை விற்பனையின்போது சொல்லப்படாமல், முதல் தவணை தவறிய பின்னரே பலருக்குத் தெரியவருகிறது. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரமும் இந்த மயக்கத்தை வளர்க்கிறது; சில்லறைப் பொருள்களுக்குச் சுழிய வட்டிக் கடன் என்று உண்மையில் ஒன்றில்லை என ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியிருந்தும், அச்சொற்கள் கடைவாசல்களை விட்டு அகலவில்லை.

மயக்கம் மிகுந்து தீங்காக மாறுமிடம், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆணையே ஆகும். மக்கள் ‘ஆட்டோபே’ என்று ஒரே பெயரால் வழங்குவதில் இரு வேறு ஆணைகள் அடங்கியுள்ளன. முதலாவது, டெபிட் கார்டு அல்லது யுபிஐ வழியாகச் சந்தாவுக்குத் தரப்படும் மின்னணு ஆணை. இதற்கு ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும், வாடிக்கையாளர் அதனை விலக்கிக்கொள்ள வழியும் இருக்கவேண்டும். கணக்கில் பணமின்றி இவ்வாணை தவறினால் பெரும்பாலும் சேவை நிற்பதுடன் விவகாரம் முடிந்துவிடும். இரண்டாவது, கடன் தவணைக்காக நிதி நிறுவனத்துக்குத் தரப்படும் ‘நாச்’ எனப்படும் தேசியத் தீர்வக ஆணை. இது பணமின்றித் திரும்பினால் வங்கிக் கட்டணமும் கடன் நிறுவனத்தின் அபராதமும் சேர்வதோடு, 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, காசோலை திரும்புவதற்கு ஒப்பான குற்றமாகவும் அது கருதப்படலாம். அதற்கு ஈராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. சந்தாவை நிறுத்த எளிய வழி கணக்கைக் காலியாக வைப்பதே என்று அக்கம்பக்கத்தில் கூறப்படும் அறிவுரை முதல் ஆணைக்கு ஓரளவு பொருந்தினாலும், இரண்டாவதைப் பொறுத்தவரை குடும்பத்தைப் படுகுழியில் தள்ளக்கூடியது. ஆயினும் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் பொறுப்பு இன்று எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

கடன் பதிவு என்பது, 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஒவ்வொரு கடனாளியைக் குறித்தும் பேணும் வரலாறாகும்; அதிலிருந்து கணிக்கப்படும் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணையே மக்கள் ‘சிபில் ஸ்கோர்’ என்கின்றனர். தவணை எத்தனை நாள் தாமதமாயிற்று என்பதும், கடன் முழுமையாகச் செலுத்தி முடிக்கப்பட்டதா, குறைந்த தொகைக்குப் பேசித் தீர்க்கப்பட்டதா என்பதும் அதில் இடம்பெறும். வசூல் முகவரின் சொல்லை நம்பிப் பாதித் தொகையில் கணக்கை முடித்தவர் கடன் தொல்லை நீங்கியதாக நிம்மதியடைகிறார். பதிவிலோ அது ‘செட்டில்டு’ என்று குறிக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து வீட்டுக் கடனோ கல்விக் கடனோ கேட்கும் நாளில் அவருக்கு எதிராக நிற்கிறது. சில நூறு ரூபாய்ச் சந்தா பாக்கியும் பல இலட்ச ரூபாய்க் கடன் ஏய்ப்பும் ஒரே பதிவேட்டில் ஒரே மொழியில் எழுதப்படுவது நியாயமன்று என்பது இச்சங்கத்தின் துணிபு.

காப்பு விதிகள் அறவே இல்லையென்று சங்கம் கூறவில்லை. 2024 அக்டோபர் முதல், கிரெடிட் கார்டு நிலுவை நீங்கலான சில்லறைத் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை, அதாவது கடனின் மொத்தச் செலவையும் நிபந்தனைகளையும் சுருக்கிக் கூறும் தாள், கடனாளிக்குப் புரியும் மொழியில் தரப்படவேண்டும். தவறான பதிவு குறித்த புகார் 30 நாள்களுக்குள் தீர்க்கப்படாவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. விலகும் வழியை மறைத்து வைக்கும் ‘சந்தாப் பொறி’, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளில் தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளுள் ஒன்று. டிஜிட்டல் கடன்களில் அபராதமின்றி வெளியேறக் குறைந்தது ஒரு நாள் அவகாசமும் வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் பெட்டி வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டப்படுவதற்கு முன்பே கழிந்துவிடும் ஒரு நாளால் எவருக்கு என்ன பயன் என்பதை அதிகாரிகளே எண்ணிப் பார்க்கலாம். சேவைக்கு ஒரு விதி, கடனுக்கு ஒரு விதி என இவை தனித்தனியே நிற்பதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுகர்வோர் காப்பின்றி விடப்படுகிறார்.

ஆகவே, கடனுடன் கட்டி விற்கப்பட்ட சந்தாவை வாடிக்கையாளர் ரத்து செய்யும்போது, பயன்படுத்தாத காலத்துக்குரிய தொகை பரிசுக் கூப்பனாகவோ பணப்பைப் புள்ளிகளாகவோ அன்றி நேரடியாக அவருடைய கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, அசல் குறைக்கப்படவேண்டும் என்பது இம்மனுவின் தலையாய கோரிக்கை. இத்தொகை குறித்துத் தகராறு நிலுவையில் இருக்கும்வரை, சந்தாவுக்குரிய பகுதி தவணை தவறியதாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அறிவிக்கப்படலாகாது. பெட்டியின் விலைக்குரிய தவணையை வாடிக்கையாளர் தொடர்ந்து செலுத்தட்டும். வீட்டில் இருக்கும் பொருளுக்குப் பணம் தரவேண்டாம் என்று சங்கம் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை.

வெளியேறும் அவகாசம் பெட்டி நிறுவப்பட்டுச் சந்தா செயல்படத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படவேண்டும். சந்தாவை ரத்து செய்யும் அதே பக்கத்தில், இதனுடன் இணைந்த கடனும் தீர்வக ஆணையும் நிலுவையில் உள்ளனவா, அவற்றை முடிக்க எவ்வளவு தொகையை எங்கே செலுத்தவேண்டும் என்பது தமிழில் காட்டப்படவேண்டும். தவறிய தவணையைப் பதிவேற்றும்போது குறுஞ்செய்தி அனுப்பும் இப்போதைய நடைமுறை, எரிந்த வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதை ஒத்தது. பதிவேற்றத்துக்கு 30 நாள் முன்னதாகவே எழுத்து அறிவிப்பு தரப்படுமாறு விதி திருத்தப்படவேண்டும். வருமானம் குறைந்ததாக உரிய சான்றுடன் தெரிவிப்பவருக்குத் தவணையை நீட்டித்துத் தரவும், முழுத் தொகையும் செலுத்தப்பட்ட பின் தடையில்லாச் சான்று வழங்கித் தீர்வக ஆணையை ரத்து செய்யவும் காலவரையறை வகுக்கப்படவேண்டும்.

மாநில அரசைப் பொறுத்தவரை கோரிக்கை சிறியது. தொலைக்காட்சி விற்கும் கடைகளில் முக்கிய விவர அறிக்கை தமிழில் தரப்படுகிறதா என்று மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர்கள் ஆய்வு செய்யவும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகார்களையும் 2022 செப்டம்பர் முதல் ஏற்கும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டத்தின் விவரமும் தவணை விற்பனை நடைபெறும் மேசையின் மீதே தமிழில் வைக்கப்படவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து வடிவில் தெரிவிக்குமாறும், சங்கத்தின் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்க ஒரு நாள் ஒதுக்குமாறும் வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
மனுதாரர் சங்கம்.