வாயுள்ள பிள்ளை

'பாட்காஸ்ட்' என்கிற வார்த்தைக்கு வயது இருபது சொச்சம்தான். 2004-ல் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் 'கார்டியன்' நாளிதழில் எழுதிய கட்டுரையில், 'ஐபாட்', 'பிராட்காஸ்ட்' இரண்டையும் ஒட்டுப் போட்டு, போகிற போக்கில் வைத்த பேர். ஐபாட் 2022-ல் நின்றே போய்விட்டது. பேர் மட்டும் நிலைத்துவிட்டது. ரேடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: ரேடியோவில் அவர்கள் பேசும் நேரத்தில் நாம் கேட்க வேண்டும். இதில் நாம் பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் அவர்கள் பேசுவார்கள். அவ்வளவுதான்!

இந்தத் தொழிலில் அமெரிக்காவில் கொடி கட்டிப் பறக்கிறவர் பில் ஸிம்மன்ஸ். ஜர்னலிசத்தில் எம்.எஸ். பட்டம் வாங்கிக்கொண்டு 'பாஸ்டன் ஹெரால்ட்' பத்திரிகையில் ஸ்போர்ட்ஸ் நிருபராகச் சேர்ந்தவர். நிருபர் என்றதும் ஸ்டேடியத்தில் முதல் வரிசை என்று நினைத்துவிடாதீர்கள். ஹைஸ்கூல் மேட்ச் ஸ்கோரைப் போனில் கேட்டு எழுதிக்கொள்வது, சீனியர்களுக்குச் சாப்பாடு வாங்கி வருவது. வெறுத்துப்போய் வேலையை விட்டு, ஒரு பாரில் கிளாஸ் நிரப்பப் போனார்.

1997-ல் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் பாஸ்டன் நகரப் பக்கத்தில் பத்தி எழுத இடம் கிடைத்தது. வாரம் 50 டாலர். அங்கேதான் மனுஷர் ஒரு காரியம் செய்தார். ஸ்போர்ட்ஸ் நிருபர்களுக்கு ஒரு மடி ஆசாரம் உண்டு. பத்திரிகையாளர் வரிசையில் உட்கார்ந்து கை தட்டக் கூடாது. எந்தக் கட்சியும் கூடாது. ஸிம்மன்ஸ் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டு சோபாவில் உட்கார்ந்து டி.வி.யில் மேட்ச் பார்த்து, தன் டீம் தோற்றால் திட்டி, ஜெயித்தால் குதித்து எழுதினார். 'இவன் எல்லாம் நிருபரா?' என்றார்கள் சீனியர்கள். 'இவன் நம்ம ஆளு' என்றார்கள் வாசகர்கள்.

2001-ல் ஈ.எஸ்.பி.என். கூப்பிட்டுக்கொண்டது. 2007-ல் பாட்காஸ்ட். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. காலேஜ் சிநேகிதர்களுக்குப் போன் போட்டு வம்பளப்பார். சொந்த அப்பாவைக் கூப்பிட்டு மேட்ச் பற்றிப் புலம்புவார். 2012-ல் அதே நிகழ்ச்சியில் வந்து பாஸ்கெட்பால் பேசினார் ஒபாமா. அப்போது ஜனாதிபதி!

2014 செப்டம்பரில் வந்தது வினை. ரே ரைஸ் என்ற ஃபுட்பால் வீரர், தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை லிஃப்டுக்குள் அடித்து வீழ்த்திய வீடியோ வெளியாகி நாடே கொதித்தது. 'அந்த வீடியோவை நாங்கள் யாரும் முன்பே பார்க்கவில்லை' என்றார் ஃபுட்பால் லீக் தலைவர் ரோஜர் குடெல். 'பொய்' என்று மைக்கிலேயே சொன்னார் ஸிம்மன்ஸ். முடிந்தால் என்னைத் தண்டியுங்கள் என்று தன் முதலாளிகளுக்கே சவாலும் விட்டார்.

விட்டார்களா? மூன்று வாரம் சஸ்பெண்ட். அடித்தவருக்கு லீக் முதலில் கொடுத்த தண்டனை இரண்டே மேட்ச். பேசினவருக்கு மூன்று வாரம்!

பி.காம். படித்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. திங்கள்கிழமை ஃபுட்பால் மேட்ச்களைக் காட்ட அந்த லீக்குக்கு ஈ.எஸ்.பி.என். அப்போது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 190 கோடி டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டாரைச் சபையில் திட்டினால் சும்மா இருப்பார்களா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எஃப்.பி.ஐ.யின் முன்னாள் தலைவர் ராபர்ட் முல்லர் விசாரித்து 2015 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். லீக் ஆபீஸில் யாரும் அந்த வீடியோவை முன்பே பார்த்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் விசாரணையில் லீக் காட்டிய அக்கறை போதாது என்றது அறிக்கை. ஆக, ஸிம்மன்ஸின் கோபம் நியாயமானது. 'பொய்' என்ற வார்த்தைக்குத்தான் கையில் அத்தாட்சி இல்லை. நிருபருக்கும் பாட்காஸ்ட்காரருக்கும் நடுவே இருக்கிற சந்து இதுதான். நிருபர் நாலு பேரைக் கேட்டுவிட்டு ஒரு வரி எழுத வேண்டும். இவர் மனசில் பட்டதும் நாலு வரி பேசலாம்.

2015 மே மாதம் 'ஒப்பந்தம் நீடிக்காது' என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார் ஈ.எஸ்.பி.என். தலைவர் ஜான் ஸ்கிப்பர். ஸிம்மன்ஸ் அங்கே ஆரம்பித்து நடத்திய 'கிரான்ட்லேண்ட்' அந்த அக்டோபரில் மூடப்பட்டது. அதே அக்டோபரில் இவர் சொந்த பாட்காஸ்ட் போட்டார். லெட்டர்ஹெட் அவர்களிடம் தங்கியது. குரல் இவர் கூடவே வந்துவிட்டது! 2016-ல் 'தி ரிங்கர்' என்று சொந்தக் கம்பெனி. அதே வருஷம் ஹெச்.பி.ஓ.வில் ஆரம்பித்த டி.வி. நிகழ்ச்சி சில மாதங்களில் சுருண்டது. (கோட் போட்டு உட்கார்ந்தால் சோபாப் பேச்சு வராதோ என்னவோ!) 2020-ல் ஸ்பாட்டிஃபை ரிங்கரை வாங்கியது. விலை சுமார் 20 கோடி டாலர். வாரம் 50 டாலர் கணக்கில் இதைச் சேர்க்க சுமார் 77 ஆயிரம் வருஷம் ஆகும்.

சரி, அந்த ஸ்கிப்பர்? 2017-ல் பதவி விலகினார். 2021-ல், 'மயாமி ஹெரால்ட்' பத்திரிகையில் ஸ்போர்ட்ஸ் எழுதிக்கொண்டிருந்த டான் லெ படார்டோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். என்ன கம்பெனி என்கிறீர்களா? பாட்காஸ்ட் கம்பெனி!

2018-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் ஸ்போர்ட்ஸ் பந்தயத்துக்கு மாநிலங்கள் கதவைத் திறந்த பிறகு, இந்தப் பேச்சுகளுக்கு நடுவே பந்தயக் கம்பெனி விளம்பரங்கள் கொட்டுகின்றன. முதலாளி போனார், விளம்பரதாரர் வந்தார். லீக் தலைவரைத் திட்டினவர், பந்தயத்தில் வீட்டை இழந்தவனைப் பற்றியும் அதே தொண்டையில் பேசுவாரா? அதுதான் பரீட்சை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஹைஸ்கூல் மேட்ச் ஸ்கோரைப் போனில் கேட்டு எழுதும் காதுள்ள பிள்ளை ஒருத்தன் எங்கேயாவது இருந்தால்தான் வாயுள்ள பிள்ளைக்குப் பேச விஷயம் கிடைக்கும். அவனுக்கு யார் சம்பளம் தருவது என்று யாராவது ஒரு பாட்காஸ்ட் போட்டால் தேவலை. பாத்திரம் நிறைய இருக்கிறது. கேட்கத் தயார்!