வாசலுக்கு வராத வைத்தியம்

மக்களை நெடுங்காலம் வாழவைப்பது ஒரு நாட்டுக்குப் பெருமை. அவ்வாறு வாழ்ந்தோரைப் பின்னர் மறந்துவிடுவது அப்பெருமைக்கே இழுக்கு. 1946 ஆம் ஆண்டில் இலங்கையரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 43 ஆண்டுகள். இன்று அது 75 ஐக் கடந்துவிட்டது. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 7 பேர் வரையில் இருந்தனர். 2012 இல் 12 பேருக்கும் மேலாயினர். இவர்களுட் பெரும்பாலோர் கிராமவாசிகள். இவர்களது உடல்நலத்துக்கு நாம் செய்துள்ள ஏற்பாடு போதுமா என்பதே என் கேள்வி.

வன்னிக் கிராமங்களை நான் ஓரளவு அறிவேன். பிள்ளைகள் கொழும்பிலோ, கனடாவிலோ, இலண்டனிலோ இருப்பர். வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் முதிய தம்பதியர். அல்லது அவ்விருவருள் ஒருவர். நீரிழிவும் குருதி அமுக்கமும் உடையவர், கிளினிக் நாளன்று விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றுடன் முதற் பஸ்ஸைப் பிடித்து, இலக்கத் துண்டு பெற்று, வாங்கிற் காத்திருந்து, நண்பகலுக்குப் பின் மாத்திரைப் பொதியுடன் திரும்புகிறார். அங்கே அவரிடம் எவரும் பணம் கேட்பதில்லை. இலவச வைத்தியம் இந்நாடு பெற்ற பெரும் பேறு. அதனை நான் குறைத்துக் கூறேன். ஆயினும் ஓட்டோக் கூலியும் வழித்துணையும் இலவசமாகக் கிடைப்பனவல்ல. முழங்கால் வலித்த மாதத்தில் கிளினிக் தவறுகிறது. கிளினிக் தவறினால் மாத்திரை தீர்கிறது. மாத்திரை தீர்ந்தால் அமுக்கம் ஏறுகிறது. ஒருநாள் பாரிசவாதம் வந்து கையும் காலும் விழுந்த பின்னரே அயலார் அறிகின்றனர். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, பட்டினத்தார் மருந்துக்கடை தோறும் அலைந்தனர். அலைய இயலாமல், இருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கிய முதியோரை நான் அறிவேன்.

கிளினிக் கொப்பியில் எழுதப்படாத ஆபத்துக்களும் உள. மலசலகூடம் வீட்டுக்கு அப்பால் இருட்டில் இருக்கும். இரவில் அங்கு செல்ல அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீர் குடியாது விடும் தாய்மார் பலர். வெப்பம் மிகுந்த உலர்வலயத்தில் இவ்வழக்கம் உடலுக்குத் தீது. கண்ணிற் படலம் படர்ந்தவர் பாசி படிந்த கிணற்றடியில் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, பின்னர் படுக்கையே அவர் உலகமாகிறது. நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்ததை அறியாது, புண் முற்றிய பின்னர் விரலையோ காலையோ இழப்பவரும் உளர். இவையெல்லாம் தவிர்க்கக்கூடியவை, ஆனால் வீட்டுக்குச் சென்று பார்ப்பவருக்கே இவை தெரியும்.

புறநானூற்றின் 243 ஆவது பாட்டை மாணவர் அறிவர். கோலூன்றி நடுங்கும் முதியவர், இருமலுக்கிடையே, தம் இளமையின் நீர்விளையாட்டை நினைந்து இரங்குகிறார். அவரது குரலைத் தமிழ் இரண்டாயிரம் ஆண்டு காத்து வைத்துள்ளது. இன்றைய முதியவரும் இருமலுக்கிடையேதான் பேசுகிறார். நீண்ட வரிசைக்கு முன்னிருக்கும் வைத்தியருக்கு அதனை முழுதும் கேட்க நேரமில்லை. அது அவர் குற்றமன்று; ஏற்பாட்டின் குறை.

இதற்கு மாற்று வழியை நாம் அயலெங்கும் தேட வேண்டியதில்லை. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அம்முறை நாடெங்கும் பரவியதன் பயனாக மருத்துவிச்சியார் கர்ப்பிணியின் வீடு தேடிச் செல்லலாயினர். 1946 இல் ஓர் இலட்சம் பிறப்புக்கு 1,500 என்ற அளவில் இருந்த தாய் மரணம், இன்று 50 க்கும் கீழே இறங்கியுள்ளது. இதற்குக் காரணங்கள் பல. வைத்தியம் வாசலைத் தேடிச் சென்றமை அவற்றுள் முதன்மையானது. பிறப்பின் வாசலுக்குச் சென்ற அரசு, முதுமையின் வாசலுக்கும் அதே ஒழுங்குடன் நாடெங்கும் செல்லவேண்டும்.

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமையன்றோ என்று சிலர் கேட்பர். ஆம், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் அதனை வலியுறுத்துகிறது. ஆனால் தொலைவிலுள்ள மகன் அனுப்பும் பணம் தாயின் பாதத்துப் புண்ணைப் பார்க்க மாட்டாது. குடும்பத்தின் அன்பும் அரசின் கடமையும் ஒன்றுக்கொன்று ஈடாகா.

எனவே, தனித்து வாழும் முதியோரை மாதம் ஒருமுறையேனும் வீட்டிற் சென்று காணும் உத்தியோகத்தர் ஒருவர் ஒவ்வொரு கிராமத்துக்கும் வேண்டும். ஏற்கெனவே பணி மிகுந்த குடும்பநல உத்தியோகத்தரின் தலையில் இதனையும் ஏற்றலாகாது. குருதி அமுக்கம் அளத்தல், பாதத்தைப் பார்த்தல், மாத்திரைகளை எண்ணுதல், கண் மங்கியோரைச் சத்திர சிகிச்சைக்கு அனுப்புதல் என்பன பெருஞ்செலவு கோரும் காரியங்களல்ல.

அதுவரை ஆசிரியரும் மாணவரும் வாளாவிருக்க வேண்டியதில்லை. சனசமூக நிலையம் இல்லாத ஊர் எம்மிடையே அரிது. தனித்திருப்போரின் பெயரும் கிளினிக் நாளும் அங்கே குறித்து வைக்கப்படட்டும். நாளைக்குக் கிளினிக் என்று முதல்நாள் மாலை போய்ச் சொல்லவும், வழித்துணையாகச் செல்லவும், கிணற்றடிப் பாசியைச் சுரண்டவும், முற்றத்தில் ஒரு விளக்கு ஏற்றவும் இளைஞர் முன்வரட்டும். முதுமையைப் பாட்டிற் போற்றும் தமிழர், அயல்வீட்டு முதியவரின் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்கவும் பழகவேண்டும்.